கல்யாண வீட்டில் பாட்டுப் போடப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

கடந்த ஆறு மாதத்தில் மூன்று வீடுகளிலிருந்து ஒரே விஷயத்துக்காக என்னிடம் வந்தார்கள். "டீச்சர், பையன் டிப்ளமோ முடிச்சிட்டு கல்யாணத்துக்கு டிஜே போடப் போறேன்னு நிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான், ஒரு வார்த்தை சொல்லுங்க." மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "சொல்றேன். ஆனா போகாதேன்னு சொல்ல மாட்டேன். எப்படிப் போகணும்னு சொல்றேன்." அந்தப் பிள்ளைகளிடம் தனித்தனியாகச் சொன்னதை எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்த வேறு சிலரும் இதே தொழிலில் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மரியாதையான தொழில். ஆனால் இதில் நிலைத்து நிற்க, பெரிய ஸ்பீக்கரைவிட நிதானம் அதிகம் தேவை. சத்தத்தைக் கூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எப்போது குறைக்க வேண்டும் என்று தெரிந்தவனைத்தான் அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு நினைவூட்டல். நம் காலத்தில் ரேடியோ செட்டுக்காரர் வராமல் ஒரு விசேஷம் நடந்ததா? முதல் நாள் சாயங்காலமே சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ ஆம்பிளிஃபயர் பெட்டி, இசைத்தட்டுப் பெட்டி, கூம்புக் குழாய் எல்லாம் வந்து இறங்கும். தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலித்தால்தான் "இன்ன வீட்டில் கல்யாணம்" என்று ஊருக்கே தெரியும். 1961இல் 'பாசமலர்' வந்த பிறகு, பெண்ணை அலங்கரித்து அழைத்து வரும் நேரத்தில் அதில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டைப் போடாத செட்டுக்காரர் கிடையாது. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி. வந்தது, இப்போது லேப்டாப். பெயரும் டிஜே என்று மாறிவிட்டது. வேலை என்னவோ அதேதான்: கூடியிருக்கும் நூறு, இருநூறு பேருடைய மனசைப் பார்த்துப் பாட்டுப் போடுவது. அந்த ரேடியோ செட்டுக்காரரை ஊரே மதித்தது. அவர் பேரப்பிள்ளை வயதில் இருப்பவனை மட்டும் ஏன் ஏளனமாகப் பார்க்கிறோம்?

இனி பிள்ளைகளுக்கு.

அந்த மூவரில் ஒருவன் என்னிடம் சொன்னான்: "டீச்சர், பாட்டு மாத்தறதுல எனக்குப் பயமே இல்லை. மைக்கைக் கையில எடுத்தா மட்டும் வாய் உலருது. எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு." இது அவனுக்கு மட்டும் வருவதில்லை. முதன்முதலில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற எல்லாருக்கும் வருவதுதான். ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் எங்களை நேராக வகுப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட மாட்டார்கள். முதலில் பாடக்குறிப்பு எழுத வேண்டும். என்ன சொல்லப் போகிறோம், எந்த வரிசையில் சொல்லப் போகிறோம், பிள்ளைகள் என்ன கேட்பார்கள், கரும்பலகையில் எதை எழுதுவோம் என்று எல்லாம் தாளில் இருக்கும். பிறகு உடன் படிப்பவர்களையே மாணவர்களாக உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்ப்போம். அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடம். தைரியம் வந்த பிறகு பாடம் எடுக்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. தயாரிப்பு இருந்தால் நான்கு பாடம் நடத்துவதற்குள் தைரியம் தானாக வரும்.

உங்களுக்கும் ஒரு பாடக்குறிப்பு வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்கள். மணமக்கள் பெயர், இரு வீட்டுப் பெற்றோர் பெயர், தாய்மாமன் பெயர். எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கல்யாணத்தில் பாட்டுக் குறைந்ததற்காக யாரும் சண்டை போட்டதில்லை. தாய்மாமன் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குப் பந்தியிலிருந்து எழுந்துபோன குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது, நிகழ்ச்சி வரிசை. மாப்பிள்ளை அழைப்பு எத்தனை மணிக்கு, பெண் எந்த வாசல் வழியாக வருகிறாள், வரவேற்பில் மேடை ஏறுவது எப்போது, கேக் வெட்டுவது உண்டா, பந்தி எப்போது ஆரம்பம். இதெல்லாம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஏனென்றால் பயத்தில் பாதி, "அடுத்து என்ன?" என்று தெரியாததால் வருவது.

மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை: "போடக் கூடாத பாட்டு ஏதாவது இருக்கா?" பெண்ணின் அப்பா போன வருடம்தான் தவறியிருப்பார். அது தெரியாமல் அப்பா - மகள் பாட்டைப் போட்டால், மேடையில் நிற்கும் பெண் உடைந்து போவாள். பாட்டு நல்ல பாட்டுதான், ஆனால் அந்த வீட்டுக்கு அன்றைக்கு ஆகாத பாட்டு. சில வீடுகளில் அதே பாட்டை வேண்டுமென்றே கேட்பார்கள், அப்பாவை நினைத்துக்கொள்ள. எது என்று கேட்டால்தான் தெரியும். இந்த ஒரு கேள்வியைக் கேட்ட உடனேயே அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

மைக்கில் அதிகம் பேச வேண்டாம். டி.வி. தொகுப்பாளர் மாதிரி சிரிக்க வைக்க முயல வேண்டாம். மூன்று வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் ஐந்து முறை வாய்விட்டுப் படியுங்கள். மண்டபத்தில் நிதானமாக அதை மட்டும் சொன்னால் போதும். இன்னொன்று, பேசும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் வராதீர்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடியும் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடியும் ஸ்பீக்கருக்கே போவதால்தான் மைக் 'கீ...' என்று கத்துகிறது. அந்தக் கத்தலில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, இருக்கிற கொஞ்சம் தைரியமும் ஓடிவிடும். ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் நின்று, மைக்கை வாய்க்கு அருகில் பிடித்துப் பேசினால் இந்தத் தொல்லை வராது. கார்ட்லெஸ் மைக் என்றால் மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பு கட்டுக்குள் இல்லை என்று தோன்றியதும் குரலை உயர்த்துவார்கள், பிரம்பால் மேசையைத் தட்டுவார்கள். பிள்ளைகளும் அதற்கு மேல் குரலை உயர்த்துவார்கள். அனுபவப்பட்ட ஆசிரியர் குரலைத் தாழ்த்துவார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே வகுப்பு அமைதியாகும். புதிதாக வரும் டிஜே பிள்ளைகளும் அந்தப் புது ஆசிரியர் மாதிரிதான். யாரும் ஆடவில்லை என்றால் பயந்துபோய் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஆடாததற்குக் காரணம் சத்தம் போதாததா? பாட்டு அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இன்னும் சாப்பிடாமல் இருக்கலாம். மாமனார் முன்னால் ஆடக் கூச்சமாக இருக்கலாம். முதலில் குழந்தைகளுக்கு ஒரு பாட்டுப் போடுங்கள். குழந்தைகள் வந்தால் அம்மாக்கள் பார்க்க வருவார்கள், அத்தைமார் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். முகங்களைப் பாருங்கள். லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கூட்டம் வசப்படாது.

சத்தம் கூடினால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா தங்கைகள் பக்கத்தில் உட்கார்ந்தும் பேச முடிவதில்லை. தாத்தா பாட்டிகள் மொய் எழுதிவிட்டு வாசலில் போய் உட்கார்கிறார்கள். கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. நான்கு பக்கமும் டைல்ஸ் பதித்த மண்டபங்களில் சத்தம் சுவரில் மோதி மோதி எதிரொலிக்கும். அங்கே எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் கூடும், பாட்டின் வார்த்தை விளங்காது. ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் உயரத்தில் வைத்து, ஆடுகிற இடத்தை நோக்கித் திருப்புங்கள். பந்திக்கும் பெரியவர்கள் உட்காரும் பக்கத்துக்கும் முதுகைக் காட்டட்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

காது விஷயம் விளையாட்டில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வாரம் முழுக்கச் சேர்த்து 20 நிமிடம்தான். விருந்தாளி ஒரு நாள் கேட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் சீசன் முழுக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் 'ஙொய்' என்று இரைந்தால், காது உங்களை எச்சரிக்கிறது என்று அர்த்தம். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது. காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். அது கோழைத்தனம் இல்லை. வெல்டிங் வேலை செய்பவர் கண்ணாடி போட்டால் யாராவது சிரிக்கிறோமா?

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. உச்ச நீதிமன்றமும் 2005இல் இந்த இரவுக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. கல்யாண வீட்டுக்காரர் அனுமதி வாங்கியிருப்பார் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

தைரியத்துக்கு உண்மையான சோதனை மைக் பிடிப்பதில் இல்லை, இரவு பத்து மணிக்குத்தான் வரும். மாப்பிள்ளையின் நண்பர்கள் நான்கு பேர் வந்து, "தம்பி, இன்னும் ரெண்டு பாட்டு போடு, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். கொஞ்சம் குடித்தும் இருப்பார்கள். முறைத்துக்கொள்ளவும் வேண்டாம், பயந்து போடவும் வேண்டாம். ஒன்பதே முக்காலுக்கே மைக்கில் சொல்லிவிடுங்கள்: "இன்னும் மூணு பாட்டுதான், கடைசிப் பாட்டு எதுன்னு மாப்பிள்ளையும் பொண்ணும் சொல்லட்டும்." மணமக்கள் கேட்ட பாட்டோடு முடிந்தால், அதற்கு மேல் கேட்க வருகிறவர்கள் குறைவு. அப்படியும் வந்தால், "அண்ணே, பத்துக்கு மேல போட்டா செட்டை எடுத்துட்டுப் போயிடுவாங்க, கடன் வாங்கி வாங்கினது" என்று தணிந்து சொல்லுங்கள். முன்பணம் வாங்கும்போதே முடிக்கும் நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு இடத்திலும் 'முடியாது' என்று சொல்ல வேண்டும். சாதிப் பெருமை பேசும் பாட்டுகள். யாராவது பென் டிரைவை நீட்டி, "இதைப் போடு" என்பார்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும்போது போடச் சொல்கிறார்கள் என்று கவனித்தாலே நோக்கம் புரியும். ஒரு பாட்டால் கைகலப்பாகி, கல்யாண வீடு காவல் நிலையத்தில் போய் நிற்கும். "இது என் வழக்கத்துல இல்லைங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் வகுப்பில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தீர்கள். அதை மறக்காதீர்கள். இதனால் ஒன்றிரண்டு ஆர்டர் போகும், போகட்டும்.

நாதஸ்வரக்காரர்களை மதியுங்கள். நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும்போது உங்கள் ஸ்பீக்கருக்கு வேலையில்லை. முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் கேட்பதற்கு முன்பே உங்கள் பாட்டு நின்றிருக்க வேண்டும். தவில் வித்வான் மனசு குளிர்ந்தால் அடுத்த ஊரில் உங்கள் பெயரை அவரே சொல்வார். இந்தத் தொழிலில் வாய்வார்த்தைதான் விளம்பரம்.

முதலீட்டைப் பற்றியும் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பெரிய செட் வாங்காதீர்கள். முதல் சீசன் ஒரு சவுண்ட் சர்வீஸில் உதவியாளாகப் போங்கள். ஒயர் சுற்றுங்கள், பெட்டி தூக்குங்கள், எந்தப் பிளக் எங்கே போகிறது என்று பாருங்கள். அடுத்த சீசனில் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து, சொந்தமாகச் சின்ன விசேஷங்களுக்குப் போங்கள்: பிறந்தநாள், காது குத்து, சீமந்தம். அங்கே ஒரு தடுமாற்றம் வந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. ஆனால் கடனுக்கு ஆடியும் மார்கழியும் தெரியாது, வட்டி மாதா மாதம் வந்து நிற்கும். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் வருவதில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். வேலை இல்லாத மாதங்களுக்குக் கையில் இன்னொரு தொழிலும் இருக்கட்டும்.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது. எர்த் இல்லாத பிளக்கில் எதையும் சொருகாதீர்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைப் பிடுங்கிவிட்டுப் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டொழியுங்கள். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கிக்கூட வரும். செட்டும் போகும், ஆளும் போகலாம். ஜெனரேட்டரிலிருந்து எடுக்கும்போது முதலில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். வேலை முடிந்து நள்ளிரவில் குட்டியானையை ஓட்டிக்கொண்டு வருபவர் தூங்கியிருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது. இதை உங்கள் அம்மாக்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டுக்கு உரிமைப் பணம் கட்டு என்று யாராவது மிரட்டினால் பதற வேண்டாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களிலும் ஒலிப்பதிவுகளைப் போடுவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் ஒரு பொது அறிவிப்பில் இதைத் தெளிவுபடுத்தியது. ஆனால் ஓட்டலில் டிக்கெட் போட்டு நடத்தும் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கும் கல்யாணம் நடத்தும் உறவுகளுக்கும்.

விசேஷ வீட்டில் பாட்டுப் போடும் பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கே வந்து பெட்டி இறக்குகிறார்கள். இரவு பந்தியில் கடைசி இலையும் எடுத்த பிறகுதான் அவர்கள் நினைவு வருகிறது. அப்போது சாதமும் ரசமும்தான் மிஞ்சியிருக்கும். இரண்டாம் பந்தியிலேயே ஒருவர் மாற்றி ஒருவராகச் சாப்பிட வையுங்கள். மீதிப் பணத்தை அன்று இரவே கொடுத்துவிடுங்கள். "நாளைக்கு வா, மொய்க் கணக்குப் பார்த்துட்டுத் தரேன்" என்று பத்து நாள் அலைய விடாதீர்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கும் மரியாதையை இவர்களுக்கும் கொடுங்கள். "டேய் டிஜே" என்று கூப்பிடாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது.

பெற்றவர்கள் ஒரே ஒரு முறை, உங்கள் மகன் வேலை பார்க்கும் மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். அவன் ஓடி ஓடி ஒயர் இழுப்பதையும், ஒரு பாட்டி கேட்ட பழைய பாட்டைத் தேடி எடுத்துப் போடுவதையும், அந்தப் பாட்டியின் முகம் மலர்வதையும் பாருங்கள். பார்த்த பிறகும் இது வேலை இல்லை என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள், பேசலாம்.

இந்த ஆவணியில் நம் வட்டத்தில் ஏழெட்டுக் கல்யாணம் இருக்கிறது. வெளியூரிலிருந்து பெரிய செட் கொண்டுவரும் முன், நம் பள்ளியில் படித்த பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு முடித்துவிட்டுப் பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்